பொன்னுரல் வாசலில் நின்ற வரிசை

ஆடி பிறந்த நாலாம் நாள், திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு அத்திமேடு பொன்னுரல் கிரைண்டர் கம்பெனியின் கேட்டு முன்னால் ஒருவர் காதில் போனை வைத்தபடி வந்து நின்றார். வந்து நின்றார் என்று சொல்வதுகூடத் தப்பு, அவர் வந்ததை யாரும் பார்க்கவில்லை. வாட்ச்மேன் நாச்சிமுத்து குனிந்து பீடி பற்றவைத்து நிமிர்ந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் நைட்டியும் துண்டுமாக ஒரு பெண், அவளுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு வாத்தியார், அவருக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு இன்னொருத்தி என்று பத்து மணிக்குள் நானூறு பேர் ஆகி, மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தபோது மூவாயிரம் பேராகி வரிசையின் வால் பெட்ரோல் பங்கைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, ரயில்வே கேட்டில் போய் முட்டியிருந்தது. எல்லோர் காதிலும் போன். எல்லாப் போனிலிருந்தும் நாதஸ்வரம்.

"பாஸ் இருக்குதுங்களா?" என்று நாச்சிமுத்து முதல் ஆளைக் கேட்டார். பதில் இல்லாததால் தோளைத் தொடப் போனார், கை உள்ளே போய்விட்டது. அவர் கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு ரிஜிஸ்டரைத் திறந்து, 'வந்தவர்கள்: நிறைய. பார்க்க வேண்டியவர்: தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செத்தவர்களோ என்று முதல் நாள் ஒரு பேச்சு இருந்தது. எதிர்ச்சாரி டீக்கடைக்காரரின் மனைவி வரிசையில் தன் நாத்தனாரையே பார்த்துவிட்டுக் காங்கேயத்துக்குப் போன் போட்டாள். "நானா? நான் ஊட்ல கொள்ளுப் பருப்பு கடைஞ்சுட்டு இருக்கறேன்" என்றாள் நாத்தனார். பிறகு கொஞ்சம் யோசித்து, "போன வருசம் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் நின்னனே, அதா இருக்கும்" என்றாள். அதுதான் அது. ஆட்கள் அவரவர் வீட்டில் சோறு தின்று தூங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். யாரும் பதில் சொல்லாத அவர்களுடைய காத்திருப்பு மட்டும் புறப்பட்டு வந்து கம்பெனி வாசலில் நின்றது.

அவர்களுக்குள்ளே புகுந்து போகலாம், தடுக்க உடம்பு இல்லை. ஆனால் போனால் என்ன ஆகும் என்பதை இரண்டாம் நாள் எட்டாம் நம்பர் பஸ் கண்டக்டர் ஊருக்குக் காட்டிக்கொடுத்தார். அவசரத்தில் ஒரு கிழவரின் ஊடாக நடந்தவர் அந்தப் பக்கம் போனதும் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார், நாற்பது நிமிடம் கன்னத்தில் கைவைத்துச் சும்மா இருந்தார், பிறகு எழுந்து யாரையும் பார்க்காமல், "மூடி சரியா உக்கார மாட்டேங்குதுங்க, மாவு தெறிக்குது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறி டபுள் விசில் கொடுத்தார். ஒருவருடைய காத்திருப்பு எத்தனை நேரமோ அத்தனை நேரமும், அதன் முடிவில் அவர் சொல்ல நாக்கு நுனியில் வைத்திருந்த வார்த்தையும் புகுந்தவர் மேல் ஏறிக்கொள்ளும் என்று ஊர் புரிந்துகொண்டது. அதற்குமேல் யாரும் ஆராயவில்லை, சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் ஊர் எப்படியோ ஏற்றுக்கொண்டது, ஒருத்தியால்தான் முடியவில்லை. அவள் பெயர் திலகமணி. பொன்னுரல் புகார்ப் பிரிவில் பதினொரு வருடமாகப் போன் எடுப்பவள். நாதஸ்வரம் நின்றதும் மூவாயிரம் போன்களிலிருந்து ஒரே சமயத்தில், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்" என்று இனிக்க இனிக்கச் சொன்ன குரல் அவளுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், குரல் நன்றாக இருக்கிறது என்று ஒலிப்பதிவு செய்து, எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். அந்த டிபன் கேரியரில்தான் இன்றைக்கும் அவள் சாப்பாடு கொண்டுவருகிறாள். இப்போது அவள் பஸ்ஸைவிட்டு இறங்கிக் கேட்டுவரை நடக்கிற தூரம் முழுக்க அவளுடைய குரலே அவளிடம் காத்திருக்கச் சொன்னது. முதல் இரண்டு நாள் கூச்சமாக இருந்தது, பிறகு எரிச்சல் வந்தது, பிறகு வாயில் கல்லைக் கடித்தமாதிரி ஒரு கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. யார்மேல் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

புகார்ப் பிரிவு எங்கே இருந்தது என்று சொன்னாலே பாதிக் கதை விளங்கிவிடும். முன்வாசலில் கண்ணாடிக் கட்டடம், அதில் முதல் மாடியில் முதலாளி சென்னியப்பன், இரண்டாவது மாடியில் ஏ.சி. போட்ட டிசைன் ரூம். பின்னால் குடோன், குடோனுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஷெட், ஷெட்டை ஒட்டித் தகரம் வேய்ந்த ஓர் அறை, அதில் ஆறு பெண்கள், ஆறு போன்கள், ஆறு பேர் முன்னாலும் ஒட்டிய ஒரு காகிதம். காகிதத்தில் பதினாலு வரி. யார் என்ன சொன்னாலும் அந்தப் பதினாலில் ஒன்றைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். நாலு நிமிடத்தில் போனின் சிவப்பு விளக்கு எரியும், அதற்குள் முடித்துக் கம்ப்யூட்டரில் பச்சை டிக் போட வேண்டும். போனை வைத்துவிட்டால் புகார் தீர்ந்ததாகக் கணக்கு. மாதக் கடைசியில் ஒரு புகாரும் பாக்கி இல்லை என்றால் பிரிவுக்கே நெய் லட்டு வரும். பதினொரு வருடத்தில் லட்டு வராத மாதம் இரண்டுதான், அந்த இரண்டு மாதமும் திலகமணி பிரசவ லீவில் இருந்தாள்.

இப்படி ஒரு வரிசை வேறெங்காவது வந்திருந்தால் ஊர் அலறியிருக்கும், அத்திமேடு அலறவில்லை. எட்டாம் நம்பர் பஸ்ஸில் 'வரிசை முனை' என்று ஒரு ஸ்டாப்பிங் வந்தது. போக்குவரத்துப் போலீஸ் வரிசையை ஒட்டி மஞ்சள் கோடு போட்டது. மூவாயிரம் நாதஸ்வரம் நாள் முழுக்கச் சும்மாவே ஊதிக்கொண்டிருந்ததால் அந்த ஆடிக்குப் பின் வந்த முகூர்த்தங்களில் மண்டபக்காரர்கள் மேளத்துக்கு ஆள் சொல்லவில்லை, ஜன்னலைத் திறந்துவைத்துத் தாலி கட்டினார்கள். வரன் தகையாத பெண்களைப் பெற்றவர்கள் வரிசையின் கடைசியில் கொஞ்ச நேரம் நிற்கவைத்துக் கூட்டிப்போனார்கள், காத்திருக்கும் கூட்டத்தோடு நின்றால் காத்திருப்பு முடியும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். மகளிர் குழுவினர் பக்கத்திலேயே பாய் விரித்து வடகம் காயவைத்தார்கள், மூவாயிரம் பேர் நிற்கிற இடத்தில் காக்காய் அண்டவில்லை. நின்றவர்களுடைய முகத்தை யாராவது பார்த்தார்களா என்றால் இல்லை, தினமும் பார்க்கிற எதையும்தான் நாம் பார்ப்பதில்லையே.

கம்பெனியாவது பார்த்ததா? கம்பெனி பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகரைக் கூட்டிவந்தது. வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக வந்த அவர், மூன்று நாள் வரிசையைப் படம் பிடித்து, 'காத்திருப்பை இனிமையாக்குவோம்' என்று திட்டம் எழுதினார். உடனே வரிசை நெடுகப் பந்தல் போட்டார்கள், பனித்தூவல் தெளிக்கும் மின்விசிறி வைத்தார்கள், பலூனில் வளைவு கட்டி, 'நீங்கள் எங்கள் குடும்பம்' என்று பேனர் தொங்கவிட்டார்கள். உடம்பே இல்லாதவர்களுக்கு விசிறி! அடப் பாவிகளா, போனை எடுத்து என்னவென்று கேட்க வேண்டும் என்று மட்டும் அந்தத் திட்டத்தின் அறுபது பக்கத்தில் ஓர் இடத்திலும் இல்லை. அவர்களுக்கென்று டம்ளர்களில் ஊற்றிவைத்த நீர்மோர் மேசையில் வரிசையாக இருந்து புளித்தது. திலகமணி அதைப் பார்த்துக்கொண்டே போனாள், காதில் அவள் குரலே தயவுசெய்து காத்திருக்கச் சொன்னது.

ஒன்பதாம் நாள்தான் அவள் அவர்களுடைய இன்னொரு கையைப் பார்த்தாள். ஒரு கையில் போன் இருந்தது சரி, மற்ற கை சும்மா இல்லை. ஒருவர் கையில் கயிறு. ஒருத்தி கையில் அரைச் செங்கல். ஒருவர் சைக்கிள் டியூபைக் கீறி வைத்திருந்தார். கொட்டாங்குச்சி, மடித்த சாக்கு, பழைய பூட்டு, மரக்கட்டை. எதற்கு என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பொன்னுரல் பெரிய கிரைண்டரில் மாவு வழிக்க டிரம்மைச் சாய்த்தால் அதைப் பிடித்து நிறுத்துவது பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடி. வாங்கி ஒரு வருடம் ஆனால் அந்தக் கைப்பிடியின் லாக் நழுவும், நழுவினால் கல்லோடு சேர்த்து டிரம் மொத்தமும் திரும்பிக் கீழே வந்து அடிக்கும். அதை நிறுத்த ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் செய்துவைத்திருந்தார்கள். டிசைன் ரூமில் ஏழு பேர் செய்யாததை ரோட்டில் மூவாயிரம் பேர் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த வரிசையில் கேட்டிலிருந்து அறுபதாவது ஆளாக ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும். இடது தோளில் தலையைச் சாய்த்துப் போனை இடுக்கியிருந்தாள், இடது கையில் வழவழவென்று செதுக்கிய புளியங்கட்டை ஒன்று, வலது கையில் மணிக்கட்டுவரை வெள்ளைக் கட்டு. கட்டு கை அளவுக்கு இல்லை, சின்னதாக இருந்தது. திலகமணி டிபன் கேரியரைத் தரையில் வைத்தாள். சுற்றிப் போகாமல் நேராக அவளுக்குள் நடந்தாள்.

ஆறேகால் மணி நேரம். ரோட்டோரத்தில் திலகமணி உட்கார்ந்திருந்தாள், வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை, ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. எட்டுத் தடவை போன் போட்டு எட்டுத் தடவையும் அந்தப் பெண் எதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாளோ அதையெல்லாம் அவளும் பார்த்தாள்: துறையூரில் ஓட்டு வீட்டு முன்னறை, மாவு பாக்கெட் அடுக்கிய மேசை, சுவரில் உரக்கடை காலண்டர், மூலையில் பொன்னுரல். முதல் ஐந்து போனில் அந்தக் கட்டை கிரைண்டரின் கைப்பிடிச் சந்தில் கச்சிதமாகப் பொருந்தி இருந்தது. ஆறாவதில் மெக்கானிக் வந்து, வெளிப் பொருள் இருந்தால் வாரண்டி போய்விடும் என்று அதைப் பிடுங்கி வாசலில் எறிந்தான். ஏழாவதில் கைப்பிடி நழுவியது. எட்டாவதில் வலது கையில் கட்டு. கட்டுக்குள் மூன்று விரல் இல்லை.

ஆறேகால் மணி நேரம் முடிந்ததும் திலகமணியின் வாய் தானாகத் திறந்தது. "மத்தவங்க வீட்டுலயாச்சும் அந்தக் கட்டையப் புடுங்க வேணாம்னு சொல்லும்மா" என்றது.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். எடுத்தவுடன் கம்பெனி பெயரைக்கூடச் சொல்லவிடாமல், "சாப்டியாம்மா?" என்று கேட்கும் குரல். பதினொரு வருடத்தில் அவளைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே போன் அதுதான், அதற்கும் அவள் காகிதத்தின் முதல் வரியைத்தான் படித்தாள். ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் தேடினாள். மரகதவல்லி, துறையூர், எட்டுப் புகார், எட்டும் பச்சை, எட்டிலும் அவள் பெயர். முதல் ஐந்தில், 'வாடிக்கையாளர் ஏதோ கட்டை பற்றிப் பேசுகிறார்' என்று குறிப்பு இருந்தது. அவள் எழுதியதுதான். மரகதவல்லி புகாரே சொல்லவில்லை, இப்படி ஒரு கட்டையை நீங்களே வைத்துக் கொடுங்கள், பொம்பளைகள் கை தப்பும் என்று ஐந்து தடவை வழி சொல்லியிருக்கிறாள். எட்டாவது போனில் விரல் போனதைச் சொல்லிவிட்டு, மேலே ஏதோ சொல்ல அவள் வாயைத் திறந்தபோது மூன்று நிமிடம் ஐம்பது விநாடி ஆகியிருந்தது. சிவப்பு விளக்கு எரிய இன்னும் பத்து விநாடி. 'தவறான கையாளுதலால் ஏற்படும் பாதிப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல.' ஒன்பதாம் வரி. பச்சை டிக். லட்டு.

திலகமணி எழுந்து, குடோனைத் தாண்டி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறினாள். புகார்ப் பிரிவிலிருந்து அந்தப் படியில் கால் வைத்த முதல் ஆள் அவள்தான். டிசைன் தலைவன் யுவராஜ், முப்பது வயது, கைப்பிடியை ஒல்லியாக, அழகாக வரைந்ததற்குப் பரிசு வாங்கியவன். மேசைமேல் தீபாவளிக்கு வரும் புது மாடலின் படம். அதே கைப்பிடி.

"இந்தக் கைப்பிடி வேண்டாமுங்க" என்றாள். "மூணு விரல் போயிருச்சு ஒருத்தங்களுக்கு. வெளிய போய்ப் பாருங்க, மூவாயிரம் பேரு கயிறும் கட்டையுமா நிக்கறாங்க."

அவன் உண்மையிலேயே திகைத்தான். "அக்கா, ஆறு வருசமா எனக்கு மாசாமாசம் உங்க ரிப்போர்ட்தான் வருது. ஒரு புகாரும் பாக்கி இல்ல, எல்லாமே பச்சை. கைப்பிடி நல்லா இருக்குன்னுதான நான் புதுசுலயும் வச்சேன்?"

யார்மேல் கோபம் என்று தெரியாமல் இருந்ததல்லவா, அது அப்போது தெரிந்தது. அவள் போட்ட பச்சைதான் மாடியேறி வந்து இந்தக் கைப்பிடியாகியிருந்தது. அவளுக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது, தன்னையும் அறைய வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் அவனைக் கையைப் பிடித்து முதலாளி அறைக்கு இழுத்துப்போனாள்.

சென்னியப்பன் நெற்றியில் விபூதியோடு, சாந்தமாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "அம்மிணி, எட்டாயிரம் பீஸ் வெள்ளிக்கிழமை லாரி ஏறுது. கைப்பிடிய மாத்துனா தீபாவளி போயிரும். போன் எடுக்கறது உன்ற வேலை, படம் போடறது தம்பி வேலை. அவியவிய வேலைய அவியவிய பாத்தாப் போதும்" என்றார். யுவராஜைப் பார்த்து, "வெளிய நிக்கறதுக்குத்தான் பந்தல் போட்டிருக்குதில்ல?" என்றார்.

"எட்டாயிரம் வீடுங்க. எட்டாயிரம் பொம்பளைங்க கை" என்றாள் திலகமணி. அவர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை சரக்கு ஏற்றிய லாரிகள் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றன. வரிசை வழியை அடைத்திருந்தது. டிரைவர்கள் ஊர்க்காரர்கள், பஸ் கண்டக்டர் கதை தெரிந்தவர்கள், சாவியைப் போடமாட்டோம் என்றுவிட்டார்கள். சென்னியப்பன் மாடியிலிருந்து இறங்கிவந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "வெறும் காத்திருப்பு, இதுக்கு இத்தன பயமாடா? ஆளா நிக்குது?" என்று கத்திக்கொண்டே கேட்டிலிருந்து ஒவ்வொருவராக ஊடுருவி நேராக நடந்தார், பத்துப் பேர், இருபது பேர், அறுபதாவதாக மரகதவல்லியையும் தாண்டி, லாரி நின்ற இடம்வரை. அங்கே லாரியின் படியில் உட்கார்ந்தார்.

மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தயிர்சாதம் கொண்டுவந்து ஊட்டினாள், முழுங்கினார், கண்ணைச் சிமிட்டினார், பேசவில்லை. ஆலோசகர் அவர் பக்கம் விசிறியைத் திருப்பிவைத்துவிட்டுப் பெங்களூர் பஸ் ஏறினார். மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தன் கம்பெனிப் புகார் எண்ணையே அழுத்தினார். முதலாளி என்று எந்திரத்துக்குத் தெரியுமா? நாதஸ்வரம் ஊதியது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்றது.

திலகமணிக்குச் சொல்லியனுப்பினார்கள். அவள் யுவராஜை வரச்சொன்னாள். ஆறு வருடமாக அங்கே வேலை பார்த்தவன் புகார்ப் பிரிவு எங்கே என்று நாச்சிமுத்துவைக் கேட்டுக்கொண்டு, ஜெனரேட்டர் ஷெட்டுக்குள் தப்பாக நுழைந்து, வேர்த்து வந்து சேர்ந்தான். அவன் காதிலும் ஒரு ரிசீவரைக் கொடுத்துவிட்டு, பதினாலு வரிக் காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அவள் போனை எடுத்தாள்.

"சொல்லுங்க."

சென்னியப்பன் சொன்னார். பதினாறு வயதில் பட்டறை போட்டு முன்னுக்கு வந்த மனிதர் துறையூர்ப் பேச்சில், பொம்பளையின் நிதானத்தோடு, "மத்தவங்க வீட்டுலயாச்சும் அந்தக் கட்டையப் புடுங்க வேணாம்னு சொல்லும்மா" என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் வைக்கவில்லை. அவருக்குள் ஏறியிருந்த மற்ற ஐம்பத்தொன்பது பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள், கயிறு எப்படிக் கட்டினார்கள், செங்கல்லை எந்தப் பக்கம் முட்டுக் கொடுத்தார்கள், டியூப் எத்தனை நாளில் அறுந்தது. யுவராஜ் எழுதினான். இடையில் எழுத்தை நிறுத்திவிட்டு, "கட்டை எத்தன நீளங்க?" என்று கேட்டான். கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து அந்தப் போனில் கம்பெனி கேட்ட முதல் கேள்வி அது. விளக்கு சாயங்காலம்வரை எரிந்துகொண்டே இருந்தது.

எட்டாயிரமும் லாரியிலிருந்து இறங்கின. டிசைன் மேசைகளைத் தகர அறைக்கு இறக்கினார்கள், ஏ.சி. இறங்கவில்லை. ஏழு பேரும் தினமும் அரை நாள் போன் எடுத்தார்கள், மற்ற அரை நாள் வரைந்தார்கள். புதுக் கைப்பிடியின் சந்தில் புளியங்கட்டை அளவுக்கே ஓர் இரும்புத் தடுப்பு வந்தது. பழைய கிரைண்டர்களுக்கு வீடு வீடாக மெக்கானிக் போனான், போகுமுன் போனில் கேட்டுக்கொண்டு போனான். வாசலில் ஒவ்வொரு போனாக நாதஸ்வரம் நின்றது, ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். ஊருக்குத்தான் வருத்தம். டீக்கடையில் வியாபாரம் விழுந்தது, வடகத்துக்குக் காக்காய் வந்தது, மண்டபக்காரர்கள் மறுபடி மேளக்காரர்களைத் தேடிப் போனார்கள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் பார்த்தால் ஒருத்தி மட்டும் நின்றிருந்தாள். யுவராஜ் வந்து அவளைப் பார்த்தான். "இவங்க சொன்னதத்தான அக்கா செஞ்சோம்? ஏன் போகல?" என்றான்.

"நாம செஞ்சத யாரு அவிங்ககிட்டச் சொன்னது?" என்றாள் திலகமணி. மெக்கானிக்கை அந்த அம்மாள் ஒரு பேச்சும் பேசவிடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தாள். புகார்ப் பிரிவுப் போன்களில் வெளியே பேசுகிற வசதியையே கம்பெனி பூட்டிவைத்திருந்தது, வருகிறதை மட்டும்தான் எடுக்க முடியும். அவள் தன் சொந்தப் போனில் துறையூர் நம்பரைப் போட்டாள், அது மனப்பாடமாக இருந்தது. மணி அடித்தது. எடுக்க நேரம் ஆனது. காத்திருந்தாள்.

"யாரு?"

"பொன்னுரல்லருந்து திலகமணி பேசறனுங்கம்மா. கைப்பிடிய மாத்திட்டோமுங்க. நீங்க செதுக்குன கட்டை மாதிரியே. இனி யாரு ஊட்லயும் கட்டையப் புடுங்க மாட்டோமுங்க."

அந்தப் பக்கம் மாவு பாக்கெட்டைச் சீல் வைக்கும் சத்தம் கேட்டு நின்றது.

"என் விரலு போனது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ஆடியிலங்கம்மா."

"நா சொன்னது மாசியில" என்றாள் மரகதவல்லி. "ஒன்கிட்டத்தான சொன்னேன்." சாப்டியா என்று கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

திலகமணி கேட்டுக்கு வந்து பார்த்தாள். மரகதவல்லியின் காதில் நாதஸ்வரம் நின்றுபோயிருந்தது. தோளில் இடுக்கியிருந்த போனைக் காணோம், சாய்ந்திருந்த தலை நிமிர்ந்து கட்டடத்தைப் பார்த்தபடி இருந்தது. ஆனால் அவள் போகவில்லை, இப்போதும் போகவில்லை. சென்னியப்பன் கேட்டைத் தள்ளி வைக்கலாமா என்று ஒருதரம் கேட்டார், திலகமணி பார்த்த பார்வையில் பேச்சை விட்டுவிட்டார். பந்தலையும் பேனரையும் அவளே பிடுங்கிப் போட்டாள்.

இப்போது பொன்னுரலில் வேலைக்குச் சேருகிறவர், டிசைனுக்கு வந்தாலும் சரி, கணக்குக்கு வந்தாலும் சரி, முதலாளியின் மருமகனே ஆனாலும் சரி, முதல் நாள் கேட்டில் பையை நாச்சிமுத்துவிடம் கொடுத்துவிட்டு மரகதவல்லியின் ஊடாக நடந்துதான் உள்ளே வர வேண்டும். நடந்தபின் ரோட்டோரம் உட்கார்ந்து ஆறேகால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெயிலானாலும் மழையானாலும் குடை கிடையாது, விசிறி கிடையாது. சிலர் எழுந்ததும் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவர்களை யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை. மற்றவர்கள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கிறவரை திலகமணி பக்கத்தில் நிற்பாள், டிபன் கேரியரோடு. "சாப்டீங்களா?" என்று கேட்டு, சோற்றைப் போட்டுக் கொடுத்து, அவர்கள் தின்று முடித்தபின்தான் வேலை எங்கே என்று காட்டுவாள்.